கற்பிக்கப்படாத பாடம்



குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் தந்தை, நம்மிடம் தனிமையில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் செய்த எதனாலாவது இப்படி நேர்ந்ததோ, சுவாமி?" பெரும்பாலும் "இல்லை" என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் ஓர் இரசாயன விஞ்ஞானியாக இருந்தால் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியுமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான ஜான் வார்னர், புகைப்படத் தொழிலில் பெயர்பெற்ற போலராய்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 2,500-க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஆக்கியவர். அவருடைய ஆண் குழந்தை பிறவியிலேயே பித்தநாளக் கோளாற்றினால் துன்புற்று, சிறு வயதிலேயே இறைவனடி சேர்ந்தது. தாம் கையாண்ட பொருள்களுள் ஏதேனும் ஒன்று அதற்குக் காரணமாயிருக்குமோ என்று அவர் எண்ணலானார். விடை தெரியவில்லை. அதனினும் வேறொன்றே அவரை உலுக்கியது. கல்லூரி முதல் முனைவர் பட்டம் வரை, ஒரு பொருள் உயிருக்கு நஞ்சாவது எவ்வாறு என்று ஒரு வகுப்பிலேனும் அவருக்கு எவரும் கற்பித்ததில்லை! இதை அவரே பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்.

1996-ல் அவர் தொழிற்சாலையை விட்டுப் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1998-ல் பால் அனஸ்டாஸ் என்பவருடன் சேர்ந்து பசுமை வேதியியலுக்கு 12 நெறிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். கழிவை உண்டாக்கிவிட்டுத் துப்புரவு செய்வதைவிட, உண்டாக்காமலே இருப்பது மேல் என்பது அவற்றுள் முதலாவது. எந்த இல்லத்தரசிக்கும் தெரிந்த செய்திதான். பட்டதாரிகளுக்குப் புத்தகம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. பசுமை வேதியியலில் முனைவர் பட்டம் அளிக்கும் முதற்படிப்பும் அப்பல்கலைக்கழகத்திலேயே அவர் முயற்சியால் உருவாயிற்று. அதில் வேதியியலோடு நச்சியலும் பாடமாயிற்று.

இந்நெறி ஏட்டுச் சுரைக்காய் அன்று. மூட்டுவலிக்கு நம் வீடுகளில் விழுங்கும் இபுபுரூஃபன் மாத்திரையைப் பாருங்கள். 1960-களில் பூட்ஸ் நிறுவனம் கண்ட முறையில் அதனை ஆக்க ஆறு படிகள் தேவைப்பட்டன. உள்ளே இட்ட அணுக்களில் 40 விழுக்காடே மருந்தாயிற்று, மற்றது கழிவு. பின்னர் அந்நிறுவனமும் ஹெக்ஸ்ட் செலனீஸ் நிறுவனமும் கூடி வகுத்த புதுமுறையில் படிகள் மூன்றாயின. மருந்தாகும் பங்கு 77 விழுக்காடாயிற்று. உடன்விளையும் அசெட்டிக் அமிலத்தையும் மீட்டுப் பயன்படுத்தினால் அது 99-ஐ எட்டும். டெக்சாஸ் மாநிலத்தில் பிஷப் என்னும் ஊரிலுள்ள ஆலையில் 1992-ல் இது நடைமுறைக்கு வந்தது. (ஊரின் பெயருக்கு 'ஆயர்' என்று பொருள், நமக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி.) ஆனால் இம்முறையிலும் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய நஞ்சு கையாளப்படுகிறது. அதனை வெளியே விடாமல் மீட்டு மீட்டுப் பயன்படுத்துகின்றனர். நஞ்சின் இயல்பை அறிந்தவர் கையில்தான் அது அடங்கும்.

அவ்வறிவு பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் கிட்டாது. நால்வருக்குச் சோறு வடிப்பவர் திருவிழா அசனத்தில் ஆயிரம் பேருக்கு வடிக்கப் புகுந்தால் என்ன ஆகும்? குடுவையில் அமைதியாக நிகழும் வினை, பெருங்கலத்தில் தன் வெப்பத்தை வெளிவிட வழியின்றிக் கொதித்தெழலாம். இதனை ஆலையில் நின்றே கற்க வேண்டும். பிரான்சு நாட்டில் 1981 முதல் ஓர் ஏற்பாடு உண்டு: முனைவர் பட்ட மாணவனை ஒரு நிறுவனம் மூன்றாண்டு பணியில் அமர்த்தும், அரசு மானியம் தரும், பல்கலைக்கழகம் நெறிப்படுத்தும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2009-ல் தொடங்கிய பயிற்சி மையத்தில் வேதியியலாரும் பொறியியலாரும் ஒருங்கே பயின்றனர். தொழில் நிறுவனங்களும் அதில் பங்கேற்றன.

ஊதியம் தருபவனே ஆராய்ச்சிக் கேள்வியையும் தீர்மானித்தால் என்னாகும் என்ற ஐயம் நமக்கும் உண்டு. இரு தலைவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். ஆலை விரும்பாத உண்மையை மாணவன் கண்டுபிடித்தால் அதனை வெளியிடும் உரிமை முதலிலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும். இன்றேல் அப்பயிற்சி, மலிவான கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகிவிடும்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் குருமடம் புகுமுன் இரசாயனத் தொழில்நுட்பம் பயின்று ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தொழில்துறை தன் கழிவுகளை மீண்டும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளவில்லை என்று 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் அவர் வருந்தியது கேள்விச்செவியால் அன்று.

நம் பங்குகளிலும் பல பிள்ளைகள் வேதியியலும் இரசாயனப் பொறியியலும் பயில விண்ணப்பிக்கின்றனர். கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, வேலை கிடைக்குமா என்று பெற்றோர் விசாரிக்கின்றனர், தக்கதே. அத்துடன் பாடத்திட்டத்தையும் வாங்கி, நச்சியல் என்ற சொல் அதில் எங்கேனும் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில், ஏன் இல்லை என்று துறைத் தலைவரிடம் மரியாதையுடன் கேளுங்கள்.