மைக்கைக் கொடுத்தது யாரு?

கறுத்த ஒரு இளம்பெண் மேடையேறி ஜனங்களை ஆடவைத்துவிட்டால் போதும், உடனே ஒரு கேள்வி வந்துவிடும்: இவளைத் தூக்கிவிட்டது யாரு? எஸ்வாட்டினி என்கிற குட்டி நாட்டில் பிறந்த லுங்கெலிஹ்லே ஸ்வானே, 'அங்கிள் வாஃபிள்ஸ்' என்ற பேரில் டிஜேவாக நின்று ஆடிய சில நொடி வீடியோ 2021இல் சோவெட்டோவிலிருந்து உலகம் பூராவும் பரவியது. 2023இல் அமெரிக்காவின் கோச்செல்லா மேடையில் நின்றார். அதிர்ஷ்டம், ஆட்டம், இடுப்பு என்று முணுமுணுத்தவர்களுக்குக் குறைவில்லை. காது இருந்ததென்று ஒப்புக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. அவர் போடும் அமாபியானோ ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ஓரத்துக் கறுப்பர் குடியிருப்புகளில் பிறந்த இசை. நிறவெறி அரசு சட்டம் போட்டு ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடங்கள் அவை. அவன் 'டவுன்ஷிப்' என்கிறான். நமக்கு அந்த இடத்தின் பேரு நல்லாவே தெரியும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். ராயபுரத்துப் பெண் இசைவாணி. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. பேரே அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்தது. பத்தொன்பது பேரில் ஒரே ஒரு பெண். 2020இல் பிபிசி உலகத்தின் நூறு பெண்கள் என்று போட்ட பட்டியலில் அவர் பேரும் வந்தது. பத்திரிகைகளெல்லாம் 'முதல் பெண் கானா பாடகி' என்று எழுதித் தள்ளின.

எனக்கு அந்த 'முதல்' என்ற வார்த்தைமேல்தான் கோபம். கானா எங்கே வளர்ந்தது? சாவு வீட்டில். சாவு வீட்டில் முதலில் பாடினது யாரு? மாரடித்து ஒப்பாரி வைத்த நம்ம ஆயாக்கள். செத்தவனுடைய வரலாற்றை, அவன் குடித்ததை, கடன் பட்டதை, ஆண்டை வயலில் கிழிந்து போனதைச் சபை நடுவில் ராகம் போட்டுச் சொன்னவர்கள் அவர்கள். பொம்பளை பாடினால் அழுகை, ஆம்பளை பாடினால் கலை என்று பிரித்தது யாரு? பார்ப்பான் மட்டுமா? பந்தல், மைக், ரேட்டு, விளம்பர போஸ்டர் என்று வந்தபோது, அழுதவளை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு நாமல்லவா மேடையில் ஏறினோம். அப்புறம் காதலில் தோற்றவன் பாட்டு என்று ஊர்ப் பெண்களையெல்லாம் திட்டிப் பாடி, அதற்கு விசிலும் அடித்தோம். 'முதல் பெண்' என்று இன்றைக்கு மாலை போடுகிறவன், நேற்றுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அவளுடைய ஆயாவை வரலாற்றிலிருந்து அழித்தால்தான் அவனால் அவளை அதிசயமாகக் காட்ட முடியும்.

பறையிலும் இதே கதைதான். தொண்ணூறுகளில் நம்ம இயக்கத்துக்குள் பெரிய சண்டை நடந்தது. பறை இழிதொழில், தூக்கி எரி என்றார்கள் ஒரு பக்கம். அது நம் போர்க்கருவி, கையில் எடு என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக உதைபட்டவனிடம் போய் கலை, அழகியல் என்று பேச எவனுக்கும் யோக்யதை கிடையாது. ஆனால் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரி சந்திரா, சக்தி கலைக்குழுவை ஆரம்பித்து, படிப்பை விட்ட சேரிப் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெட்டியான் வேலை, சாவுமேளம் எல்லாம் ஆம்பளை தலையில் கட்டின குடிஊழியம். பெண் கையில் அந்தத் தோல் ஊழியமாக ஏறவே இல்லை. அதனால்தான் அவள் எடுத்து அடித்தபோது அது முதல் அடியிலேயே வேறு சத்தம் போட்டது. நாம் கட்டுரை எழுதித் தீர்க்க முயன்றதை அந்தப் பிள்ளைகள் இடுப்பில் கட்டி ஆடியே பாதி தீர்த்துவிட்டார்கள்.

2024 நவம்பர். சபரிமலை சீசன் தொடங்கிய நேரம் பார்த்து, கோயில் நுழைவுத் தீர்ப்பை ஒட்டி வந்த சில வருஷத்துப் பழைய பாட்டு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். ஐயப்பனைப் பார்த்துப் பெண் ஒருத்தி பேசுகிற பாட்டு. 2018 செப்டம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று சொன்னதே, அதைத்தான் அந்தப் பாட்டும் பேசியது. தீர்ப்பு எழுதினவர்கள் வீட்டுக்கு எவனும் போன் போட்டுத் திட்டவில்லை. பாடின பெண்ணுக்குப் போட்டான். படத்தை வெட்டி ஒட்டி அசிங்கப்படுத்தினான். கைது செய் என்று போலீஸில் புகார் கொடுத்தான். குழுவில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். எழுதினவன் உண்டு, மெட்டுப் போட்டவன் உண்டு, டிரம்ஸ் அடித்தவன் உண்டு. எல்லா வசவும் ஒரு பெண்மேல் மட்டும் விழுந்ததற்குப் பெயர் பக்தி என்றால் நம்பச் சொல்கிறீர்களா?

இந்துத்துவக்காரனைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. அவன் வேலையை அவன் செய்கிறான். நான் கேட்பது நம்மவர்களை. நீலம் அறிக்கை விட்டது, சிலர் கூட நின்றார்கள், சரி. மற்றவர்கள்? தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் என் தோழர்கள் இரண்டு பேர் சொன்னது இது: "இப்ப எதுக்குப்பா இந்த வம்பு? எலக்‌ஷன் வருது. அந்தப் பொண்ணு வேற பிக்பாஸுக்கெல்லாம் போனது." அதாவது 2021இல் டிவி நிகழ்ச்சிக்குப் போனதால் அவர் போராளிப் பட்டியலிலிருந்து நீக்கம்! போராளி என்றால் பட்டினி கிடக்க வேண்டும், பாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது, கல்லடி பட்டால் மட்டும் கூட்டத்தில் பேர் சொல்வோம். சபாவில் பாடுகிறவர்களிடம் இந்தக் கணக்கை எவனாவது கேட்டிருக்கிறானா? ஆம்பளைப் பாடகன் சினிமாவுக்குப் போனால் 'நம்ம பையன் ஜெயிச்சிட்டான்' என்று கட்-அவுட் வைக்கிற தோழர், பெண் போனால் கொள்கை பேசுகிறார்.

ஜெயித்த பையன் கதையும் அப்படி ஒன்றும் சுகமில்லை. தெருக்குரல் அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்து உலகத்தையே ஆட்டியது. தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்டதிலிருந்து அவர் எடுத்த பாட்டு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டு, சத்தம் எழுந்த பிறகுதான் அவரைத் தனியாக அட்டையில் போட்டார்கள். தாளம் வேணும், ஆள் வேணாம். நம் உழைப்பை வாங்கும் எல்லா இடத்திலும் இதுதான் விதி.

இனி தெற்குப் பக்கம். கானா என்றால் வடசென்னை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அதை இங்கேதான் தினம் கேட்கிறேன். ஆற்றங்கரை, கால்வாய்க் கரை ஜனங்களை 2000 தொட்டுக் கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக் கொட்டினார்கள். 2025 மே மாதம் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். லாரியில் ஏறிய பாத்திரம் பண்டத்தோடு பாட்டும் ஏறி வந்தது. பெரும்பாக்கம் எட்டு மாடிப் பிளாக்குகளின் படிக்கட்டுக்கடியில் டப்பாவில் தாளம் போட்டுப் பாடும் பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல குரல். ஆனால் குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் கல்யாண மண்டபங்களில் டிஜே வைக்கும்போது பெட்டியும் ஸ்பீக்கரும் யாருடையது? பாடுகிறவளுக்கு ஒரு ராத்திரிக் கூலி, செட்டு வைத்திருப்பவனுக்கு சீசன் முழுக்க வருமானம். நிலம் இல்லாதவன் ஆண்டை வயலில் பாடின பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் பேங்க்கில் குமாஸ்தா என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியும். 2016 ஏப்ரலில் ஸ்டேண்ட்-அப் இந்தியா என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும், பெண் ஒருவருக்கும், குறைந்தபட்சம், 10 லட்சம் முதல் 1 கோடி வரை புதுத் தொழிலுக்குக் கடன் தரவேண்டும். 2025 மார்ச்சோடு அதன் காலம் முடிந்தது. முத்ரா கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. விதி அப்படி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், பெரும்பாக்கம் முகவரியோடு ஒரு பையனோ பெண்ணோ 'சவுண்ட் சர்வீஸ்' என்று வந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி "சொந்த வீடா?" வீட்டை இடித்து அங்கே கொண்டுவந்து போட்ட அரசாங்கத்தின் பேங்க் கேட்கிற கேள்வி அது. இந்த ஒன்பது வருஷத்தில் இத்திட்டத்துக்காக எத்தனை பேரணி போனோம்? சிலை மறைப்புக்குப் போனோம், கொடிக்கம்பத்துக்குப் போனோம். போகவேண்டியதுதான். ஸ்பீக்கருக்கும் போயிருக்கலாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி விழாவுக்கு வெளியிலிருந்து டிஜே கூப்பிடுகிறீர்கள். அடுத்த முறை பெரும்பாக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பொன்னாடை வேண்டாம், முன்பணம் கொடுங்கள். அவள் பாட்டுக்கு எவனாவது போலீஸில் மனு கொடுத்தால் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர்கள் அத்தனை பேரும் ஸ்டேஷனுக்குப் போங்கள், அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். செட்டு வாங்க முத்ரா விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வரலாம். கொட்டேஷன், ஆதார், இரண்டு போட்டோ போதும். நானே நிரப்பித் தருகிறேன். மேனேஜர் சொந்த வீடு இருக்கா என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாதீர்கள், கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள்.