படலைக்கு வெளியே

கோவில் கேணிக்கரையில் ஒரு சீமெந்துப் பை அசைந்துகொண்டு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். ஐந்து குட்டிகள், கண் திறந்து ஒரு கிழமை இருக்கும். எங்களில் ஒருத்தி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐஞ்சும் பெட்டை. கடுவனை எல்லாம் வீட்டில வச்சிட்டு இதுகளைக் கொண்டுவந்து போட்டிருக்கினம்."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆருக்கும் இது புதுக்காட்சி இல்லை. சந்தைக்குப் பின்னால், பள்ளிக்கூட மதிலோரம், சுடலைக்குப் போற ஒழுங்கையில் என்று குட்டிகளை விடுவதற்கெண்டே எங்கட ஊர்களில் இடங்கள் இருக்கின்றன. கடுவன் எண்டால் காவலுக்கு ஆகும். பெட்டை எண்டால் குட்டி போடும். அவ்வளவுதான் கணக்கு. விடுகிறவர்களும் கொடூரமான ஆட்கள் இல்லை. பெரும்பாலும் கோவிலடியில்தான் விடுவார்கள், ஆராவது சோறு போடுவினம் என்ற நினைப்பில். அந்த நினைப்போடு வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாகச் சாப்பிடவும் முடிகிறது.

நாங்கள் எட்டுப் பேர். கலைப்பீடத்தில் படிக்கிறோம். இரண்டு வருடமாக நாய்களோடு மாரடிக்கிறோம். எங்களுக்கு ஒரு அமைப்புப் பெயரோ பதாகையோ கிடையாது. 'மிருக உரிமைச் செயற்பாட்டாளர்கள்' என்று ஒருவர் எங்களைப் பேஸ்புக்கில் எழுதியபோது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்களில் ஐந்து பேர் மச்சம் சாப்பிடுகிறவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கீழே வந்து அதைத்தான் கேட்பீர்கள்.

தொடங்கினபோது எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். பிறிஸ்டல் போட் வாங்கி, 'குட்டிகளை வீசுகிறவர்கள் மனிதர்களா?' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குட்டி விடுகிற நாலு இடங்களில் ஒட்டினோம். படம் எடுத்துப் போட்டோம், நல்ல லைக் விழுந்தது. மூன்றாவது கிழமை அதில் ஒரு இடத்துக்குப் போனால் மதிலில் போஸ்டர் இல்லை. கீழே ஒரு பெட்டியில் நாலு குட்டிகள். அவற்றுக்கு வெயில் படாமல் எங்கட போஸ்டரைக் கழற்றி மேலே மூடிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போனோம். முன்பே போயிருக்க வேண்டும். ஒரு அக்கா படலையைத் திறக்காமலே நின்று கேட்டுவிட்டுச் சொன்னா: "பிள்ளையள், நீங்கள் சொல்லுறது விளங்குது. பெட்டையை வச்சிருந்தா வருசத்தில ரெண்டு தரம் வாசல் முழுக்கக் கடுவன் நாயள். என்ர மகள் ரியூசன் முடிச்சு ஆறு மணிக்கு அந்த ஒழுங்கையாலதான் வாறவள். நான் தனிய. குட்டியைக் காப்பாத்துறதோ பிள்ளையைப் பாக்கிறதோ?" கருத்தடை செய்யலாமே அக்கா என்றோம். "எங்க? எப்பிடிக் கொண்டுபோறது? ஓட்டோவில நாயை ஏத்துவினமோ? எனக்கு ஒருநாள் கூலி போகும்."

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட எங்கட போஸ்டரில் பதில் இருக்கவில்லை. அன்புள்ளவர், அன்பில்லாதவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்துவைத்திருந்தோம். அந்த அக்காவுக்கு வேண்டியது அறிவுரை இல்லை, நாயை ஏற்றிப்போக ஒரு வாகனம்.

எனவே வாகனம் தேடினோம். கிராமத்துச் சனசமூக நிலையத்தில் மண்டபத்தைக் கேட்டோம். ஒரு கால்நடை வைத்தியர் விடுமுறை நாளில் வர ஒத்துக்கொண்டார். தடுப்பூசி விசயத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக்கொண்டார். நாய்களை ஏற்ற ஒரு அண்ணை தன்ர லாண்ட்மாஸ்டரையும் பெட்டியையும் தந்தார், டீசல் காசு மட்டும் எடுத்தார். நாற்பது நாய் வரும் என்று பெயர் எழுதி வைத்திருந்தோம். வந்தது பதினேழு. அதில் மூன்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுப்பதென்றால் முதல்நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கக்கூடாது. எல்லா வீட்டிலும் சொல்லித்தான் இருந்தோம். ஆனால் ஓப்பரேசனுக்குப் போற பிள்ளை வெறும் வயித்தோட போகக்கூடாதென்று ஒரு அம்மம்மா விடியவே பாணும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருந்தா. அவவோடு ஆர் கோவிக்கிறது?

மிச்சம் பதினாலு. அதில் ஒன்று நாலாம் நாள் செத்துப்போனது.

மழை நாள் அது. தையல் நனையாமல் ஒரு கிழமை கட்டி வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் கூரைக்குக் கீழே நாய் கட்டுகிற வழக்கம் இல்லை. காயம் பழுதாகிப் புழு வைத்துவிட்டது. நாங்கள் சத்திரசிகிச்சை முடிந்த அன்று கைதட்டிப் படம் எடுத்துவிட்டு வந்தவர்கள், பரீட்சை என்று அந்தப் பக்கம் போகவில்லை. செய்தி கேட்டுப் போனபோது வீட்டு ஐயா ஏசவில்லை. "நீங்கள் கேட்டபடியால்தானே தந்தனான்" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது முகாமுக்கு அந்த ஒழுங்கையிலிருந்து ஒரு நாயும் வரவில்லை. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தரம் போகிறோம். முகாம் நாளில் எத்தனை நாய் என்று பெருமையாகச் சொல்வதை நிறுத்திவிட்டோம். தையல் காய்ந்தபிறகுதான் எண்ணுகிறோம்.

இதற்குள் விசர்நாய்க்கடி விசயமும் இருக்கிறது. நோய்க்குறி தெரிந்தபிறகு காப்பாற்ற முடியாத நோய் அது. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் அதனால் இறந்தார்கள். இப்போது அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெரிய காரணம் நாய்களுக்குப் போட்ட இலவசத் தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் போடுகிற ஊசியும்தான். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் ஊர் நாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடுத்த ஊரில் விடுவதை எதிர்க்கிறோம். ஊசி போட்ட நாய் போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். சோறும் குப்பையும் இருக்கிற இடம் வெறுமையாகக் கிடக்காது. கருத்தடை செய்து, காதில் சின்ன அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டால் அது தன் எல்லையைத் தானே காக்கும். இதைச் சொன்னால் ஆட்கள் கேட்கிறார்கள். 'ஜீவகாருண்யம்' என்று தொடங்கினால் படலைக்குள் போய்விடுகிறார்கள். (கடிபட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். இதை எங்கே சொல்ல இடம் கிடைத்தாலும் சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறோம்.)

சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இன்னொரு ஐயா ஒருநாள் கேட்டார்: "தம்பியவை, காணாமல் போன பிள்ளையளுக்காகத் தாய்மார் 2017 இல இருந்து றோட்டில இருக்கினம். மனிசருக்கே ஒரு நீதி இல்லை. நீங்கள் நாய்க்கு வந்திருக்கிறியள்." இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிவிட்டது. நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள், விரிவுரையாளர் ஒருவரும் கேட்டிருக்கிறார். இரண்டையும் செய்யலாமே என்ற தயார் பதில் எங்களிடம் இருந்தது. அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே வேறு கதை தொடங்கினார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது மாட்டை அவிழ்த்துவிட்டாராம். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாராம். நாய் மட்டும் சனத்துக்குள்ளே சைக்கிளின் பின்னால் ஓடிவந்து நாவற்குழிப் பாலத்தடியில் தவறிவிட்டதாம். முப்பது வருசத்துக்குக் கிட்ட ஆகிறது. அந்த நாயை அவர் பெயர் சொல்லித்தான் சொன்னார். எங்கட ஊர்களில் மிருகங்களின் கதையைத் தனியாகவும் மனிசரின் கதையைத் தனியாகவும் சொல்ல முடியாது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்காக அவர் மனம் மாறிவிட்டாரென்று நினைக்க வேண்டாம். தன் வீட்டுப் பெட்டையைத் தரமாட்டேன் என்றுவிட்டார். "குட்டிப்பையை எடுக்கிற பாவம் எனக்கு வேண்டாம்." இன்னும் தரவில்லை.

மிருகங்களைப் பற்றி எங்கட நாட்டில் சத்தமாகப் பேசப்படும் பேச்சு வேறு விதமானது. அதைக் கவனித்தால் ஒன்று தெரியும். விரல் எப்போதும் மற்றவரின் பக்கம்தான் நீளும். 2011 இல் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோவிலுக்கு ஆட்களோடு போய் ஆடு கோழிகளை ஏற்றிக்கொண்டு வந்தவர் மேர்வின் சில்வா. அந்த அமைச்சரைச் சனம் அறிந்தது கருணைக்காக அல்ல. 2013 இல் மாடு அறுப்பதை நிறுத்தக் கேட்டு ஒரு பிக்கு கண்டியில் தீக்குளித்தார். ஹலாலுக்கு எதிரான பிரசாரம் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்டிருந்த அதே வருடம் அது. 2020 இல் மாடு அறுப்பதைத் தடைசெய்ய அமைச்சரவை ஒத்துக்கொண்டது. உண்கிறவர்களுக்கு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்பதும் அந்த முடிவிலேயே இருந்தது. வெளிநாட்டு மாட்டுக்கு நோகாது போலும்.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. கோவில்களில் வேள்விக்கு 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனையோ பேர் மகிழ்ந்தார்கள். அவர்களில் பலர் தீபாவளிக்குப் பங்கு இறைச்சிக்குச் சொல்லிவைத்தவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், எங்கட வீடுகளும் அதில் அடக்கம். ஆட்டுக்கு நோகாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வேள்வி பற்றி எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, அதைப் பற்றி விடிய விடியச் சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் நாவலர் காலத்திலிருந்து பலி எதிர்ப்பு என்பது 'எங்கட கோவில் சுத்தம், அவையின்ர கோவில் அசுத்தம்' என்ற கதையோடு சேர்ந்தே வந்திருக்கிறது. உயிர்ப்பலி இல்லாத மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலுக்குள் போக 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் போராட வேண்டியிருந்தது. ஆட்டின் கழுத்துக்கு இரங்குகிற மனம் அந்த வாசலில் நின்றவர்களுக்கு இரங்கவில்லை. இந்த வரலாறு தெரியாமல் ஒரு ஊருக்குள் போய் 'மிருகவதை' என்று வாய் திறந்தால், ஆர் பேசுகிறார்கள் என்பதைத்தான் சனம் முதலில் கேட்கும். கேட்பதில் பிழையில்லை.

மறுபக்கம், மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் நடப்பதைப் பாருங்கள். பண்ணையாளர்களின் மாடுகள் வெட்டப்படுகின்றன, சுடப்படுகின்றன, வாய்வெடி கடித்துத் தாடை கிழிந்து சாகின்றன. மேய்ச்சல் தரையில் அத்துமீறிக் குடியேறியவர்களை வெளியேற்றக் கேட்டு அவர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினார்கள். தாடை கிழிந்த மாட்டின் படத்தைப் பார்த்தவர்கள் அதை இனப் பிரச்சினை என்றார்கள், காணிப் பிரச்சினை என்றார்கள். இரண்டும் உண்மை. மிருகவதை என்று சொன்ன குரலை நாங்கள் மிகக் குறைவாகவே கேட்டோம். நாங்களும் அப்போது சொல்லவில்லை, போஸ்டர் எழுதிக்கொண்டிருந்தோம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது, தண்டப்பணம் ஆகக்கூடியது நூறு ரூபாய். புதிய சட்டத்துக்கான வரைபை சட்ட ஆணைக்குழு தயாரித்தது 2006 இல். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது கம்பஸுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். புதுச் சட்டம் வேண்டும், அதற்காகக் கேட்கவும் வேண்டும். ஆனால் நாளைக்கே வந்தாலும், படலைக்கு வெளியே பையை வைத்துவிட்டுப் போற அந்த அக்காவைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்க எங்களில் ஒருவரும் தயாரில்லை. அவவின் நாய்க்கு எங்கட மூன்றாவது முகாமில் கருத்தடை செய்தோம். இந்த முறை மழை இல்லை. மூன்று தரமும் போனோம், கடைசித்தரம் படலையைத் திறந்து உள்ளே இருக்கச் சொன்னா.

கேணிக்கரையில் எடுத்த ஐந்தில் இரண்டு முதல் கிழமையே செத்துவிட்டன. ஒன்றை லாண்ட்மாஸ்டர் அண்ணை கொண்டுபோனார். மிச்சம் இரண்டும் சனசமூக நிலையத்து வாங்குக்குக் கீழே படுக்கின்றன, பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் மாறி மாறிச் சோறு கொண்டுவருகிறார்கள். வருகிற மாதம் அவற்றுக்கு ஆறு மாதம் ஆகும். அதற்கு முதல் அடுத்த முகாமுக்கு நாள் எடுக்க வேண்டும். அண்ணையின் லாண்ட்மாஸ்டர் இப்போது திருத்த வேலைக்குப் போயிருக்கிறது. வடமராட்சிப் பக்கம் பெட்டியோடு லாண்ட்மாஸ்டர் வைத்திருக்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தர முடியுமென்றால் சொல்லுங்கள். டீசல் எங்கட பொறுப்பு.