புல்லில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்

வார இறுதி வந்தால் மலையேறவும் நீர்வீழ்ச்சியில் குளிக்கவும் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால், பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அந்தப் பயணம் நம் நினைவுக்கு வருவதில்லை. "டெங்கியாக இருக்குமோ?" என்றுதான் கிளினிக்குக்கு ஓடுகிறோம்.

ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். புதரிலும் லாலான் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் அது வருகிறது. அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கடித்ததும் தெரியாது. வளர்ந்த உண்ணி நம்மைக் கடிப்பதில்லை. தாயிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்குப் போய்விடுகிறது.

இந்த நோயை அடையாளம் கண்டதில் கோலாலம்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1920களில் அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சரும் சக ஆய்வாளர்களும் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒன்றுபோல் தெரிந்த காய்ச்சல் உண்மையில் இரண்டு என்று புரிந்தது. ஒன்று பட்டணத்துக் கடைகளில் இருந்தவர்களுக்கு வந்தது. மற்றது தோட்டங்களில் புல் புதரோடு பாடுபட்டவர்களுக்கு வந்தது. முன்னதைப் பரப்புவது எலித் தெள்ளு, பின்னதைப் பரப்புவது சிற்றுண்ணி.

ஆனாலும் மருந்து கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜோசப் ஸ்மாடெல் தலைமையிலான அமெரிக்கக் குழு, கோலாலம்பூரில் நோயாளிகளுக்குக் குளோரம்ஃபெனிகால் கொடுத்தது. வாரக்கணக்கில் வாட்டிய காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் தேறினார்கள்! டைபாய்டுக்கு மருந்து கிடைத்த கதை அதுதான்.

இன்று டாக்ஸிசைக்ளின் மாத்திரை இதைக் குணப்படுத்துகிறது. தாமதித்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசி இல்லை. எனவே காட்டுக்குப் போகும்போது நீளக் காற்சட்டை அணியுங்கள். அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள். வீடு திரும்பியதும் குளித்து, உடைகளைத் துவைத்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கலாம். எல்லாருக்கும் இருக்கும் என்றில்லை. ஆகவே, மருத்துவர் கேட்காவிட்டாலும் கடந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே போனீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கலாம்.