பேய்க்கதையில் யார் சொல்வதை ஊர் நம்பும்?

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று 1974 இல் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்தது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற அந்த ஆட்டத்தில் முதலில் மூன்றே பாத்திர வகைகள்: சண்டைக்காரன், மந்திரக்காரன், மதகுரு. மதகுரு உள்ளே நுழைந்த கதை சுவையானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் நடத்திய குழுவில் ஒருவர் இரத்தக்காட்டேறியாகவே ஆடி மற்றவர்களைத் திணறடிக்க, அவரை அடக்குவதற்கென்று உண்டாக்கிய வகை அது. திகிலுக்கு மருந்தாக வந்தவர் திகிலையே கொன்றுவிட்டார் என்பேன். மதகுரு முன்னால் நின்றால் பிணம் ஓடும் என்பது விதியாகிவிட்ட பிறகு பயப்பட என்ன மிச்சம்? பழைய வீடும் இருட்டும் சந்தேகமுமாக நகர்கிற, மந்திரம் அருகிய கோதிக் திகில் ஆட்டம் ஒன்றைப் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலைக் களமாக்கி யாராவது அமைத்தால், பாத்திரங்களை ஆற்றலின்படி பிரிக்கக் கூடாது. யாருக்கு என்ன தெரியும், யார் எந்த வாசலைத் தாண்டி உள்ளே போகலாம், யார் சொன்னால் ஊர் நம்பும் என்பதன்படிதான் பிரிக்க வேண்டும்.

கோதிக் கதையின் மரபே இதற்குச் சாட்சி. 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் அந்தக் கோமகனைத் துரத்துகிறவர்களில் ஒரு சட்டத்தரணி, ஒரு மனநோய் மருத்துவர், ஒரு பேராசிரியர், ஆசிரியையாக இருந்த மீனா எல்லோரும் உண்டு. பூண்டும் சிலுவையும் இல்லாமல் இல்லை. ஆனால் எதிரியின் வழியைக் காட்டிக்கொடுப்பது, எல்லோருடைய நாட்குறிப்புகளையும் மீனா தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குவதும், மண் நிரம்பிய பெட்டிகள் எந்த வீட்டில் இறங்கின என்று கூலியாட்களிடம் விசாரிப்பதும்தான். 1981 இல் வந்த ‘கோல் ஒஃப் கதுலு’ ஆட்டம் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் பாத்திரம் என்றால் தொழில். நூலகத்தில் தேடும் திறனுக்கே தனிப் புள்ளி உண்டு. காணக்கூடாததைக் கண்டால் மனத்தெளிவின் புள்ளி இறங்கும்.

நம் ஊர்களுக்கு இதை விளங்கப்படுத்த 2011 ஓகஸ்ட் மாதம் போதும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, பிடித்தால் வழுக்கி ஓடுகிற ‘கிறீஸ் பூதம்’ பெண்களைத் தாக்குகிறது என்ற கதை கிழக்குக் கரை நெடுகவும் அதற்கு அப்பாலும் பரவியது. பொத்துவிலில் மக்கள் பொலிஸாருடன் மோதினார்கள். கிண்ணியாவில் கடற்படை முகாமைச் சூழ்ந்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம். அவசரகாலச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்தது. அதிகாரிகள் வதந்தி என்றார்கள், வீட்டுப் பெண்கள் கண்டோம் என்றார்கள். அந்த இரவுகளில் வாளுக்கும் மந்திரத்துக்கும் என்ன வேலை? கீறலைப் பார்த்து நகமா, முள்ளா, கத்தியா என்று சொல்லத் தெரிந்த நாட்டு வைத்தியரான பரிசாரிக்கு வேலை இருந்தது. லகுகலப் பக்கத்து யானைக்காகப் பரணில் விழித்திருக்கும் காவற்காரர், அசைவது விலங்கா ஆளா என்று அறிவார். ஆனால் வயலை விட்டு இறங்க முடியாது. எந்த வரம்பில் யார் நடந்தார் என்பது வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானைக்குத் தெரியும். என் கணக்கில் இவர்கள் எல்லோருக்கும் மேலே மருத்துவிச்சி. ஆண்கள் குசினி வாசலோடு நின்றுவிடுகிற வீடுகளில் அவர் உள்ளறை வரை போவார். கணவனிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். ஆனால் பள்ளிவாசலில் கூடும் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவர் அறிந்ததை ஓர் ஆண் வாயால்தான் அங்கே சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் பாதிச் சிக்கல் இங்கேயே கிடைத்துவிடும்.

ஓதிப் பார்க்கும் லெப்பையைச் சேர்த்தால் மார்க்கத்தை விளையாட்டாக்குகிறோமா? அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் ஓதிய தண்ணீர் தெளித்தால் ஜின் விலகும் என்று ஒரு விதி எழுதவே கூடாது. ஓதலுக்குப் புள்ளி போடுவதுதான் அவமதிப்பு. லெப்பை வந்தால் நடுங்கும் பிள்ளை தூங்கும், வாய்மூடிக் கிடந்த வீட்டார் பேசத் தொடங்குவார்கள். பலன் அவ்வளவோடு நிற்கட்டும். வந்தது ஜின்னா இல்லையா என்பதை விதிநூல் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. தொழிலை வைத்துப் பிரித்தால், பிறப்பை வைத்து ஆளை அளந்த வழக்கத்தை மேசைக்குக் கொண்டுவந்துவிட மாட்டோமா? சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாவின் மகனும் ஒஸ்தாதான் என்று ஒதுக்கிவைத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. என் பதில் அரைகுறையானதுதான்: வகையை ஆடுகிறவர் விரும்பித் தேர்ந்தெடுக்கட்டும், ஊர் அவரை எப்படி நடத்தும் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். நடந்ததைக் கண்ணால் கண்டவர் ஒஸ்தா என்பதற்காகவே சபை காது கொடுக்காவிட்டால், அந்த ஆட்டத்துக்குப் பேய்கூடத் தேவைப்படாது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோதிக் என்றால் வீடு. ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலும் மாளிகை ஆணுடையது. வாழ வந்த பெண் பூட்டிய அறைக்கு முன்னால் நிற்பாள். நம் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, வாழ வருகிறவன் மாப்பிள்ளை. ஆகவே எந்த இறக்குமதி ஆட்டத்திலும் நான் காணாத ஒரு பாத்திர வகைக்கு இங்கே இடமுண்டு: புதுமாப்பிள்ளை. எல்லா அறைக்கும் போக அவனுக்கு உரிமை உண்டு, எந்த அறையின் கதையும் தெரியாது. அவன் காலடி கேட்டால் மாமியின் பேச்சு நின்றுவிடும். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மரியாதைப் புள்ளி குறையும் என்று விதி வைக்கலாம். தொடக்கத்தில் ஆறு கொடுத்தால் தாராளம். ஆறும் தீர்ந்த இரவில் அவன் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போகலாம், தடையில்லை. ஆனால் கண்டதை அங்கே சொன்னால், பெண் வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் அவனுடைய உம்மாவும் நினைப்பார்.