கைக்கு ஓய்வு, கருத்துக்குச் சுமை

மனிதனின் உழைப்பைக் குறைப்பதற்கென்றே இயந்திரங்கள் தோன்றின என்பர். இக்கூற்று பெரும்பாலும் உண்மையே. ஆயினும், உடலின் உழைப்பைக் குறைக்கும் இயந்திரம் உள்ளத்தின் உழைப்பையும் குறைத்துவிடும் என்று கொள்வது பெரும்பிழை. அப்பிழையை இன்று பலர் விலைகொடுத்து வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கின்றனர்.

‘ஓட்டுநர் உதவி’ என்னும் பெயரில் மகிழுந்துகளில் பொருத்தப்படும் கருவிகளையே குறிப்பிடுகிறோம். அவற்றுள் இரு வகை உண்டு. ஓட்டுநர் தவறும் நொடியில் எச்சரித்துத் தானே பிரேக்கை அழுத்துவது ஒரு வகை. மலேசியாவில் 2017இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை மைவியின் உயர்தர வகையிலேயே இது இடம்பெற்றுவிட்டது. இத்தகைய கருவி பின்மோதல் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

மற்றொரு வகையே நம் கண்டனத்துக்குரியது. அது வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். தடம் பிறழாமல் வண்டியைத் தானே செலுத்தும். ஆனால், சாலையை நொடிதோறும் கண்காணிக்கும் கடமையை மட்டும் ஓட்டுநர் தலையிலேயே சுமத்தும். முன்னதில் மனிதன் ஓட்டுகிறான், இயந்திரம் காவல் நிற்கிறது. பின்னதிலோ இயந்திரம் ஓட்டுகிறது, மனிதன் காவல் நிற்கிறான். காவலுக்கு ஏற்றவன் மனிதன்தானா என்பதே நாம் எழுப்பும் வினா.

ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வினாவின் விடை தெரிந்ததே. இரண்டு மணி நேரம் பாடம் நடத்திய பின்பும் ஊக்கம் குன்றாதவர், தேர்வு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் வெறுமனே மேற்பார்வை செய்ததும் சோர்ந்துபோவதில்லையா? செயலற்ற விழிப்பு ஓய்வன்று. உள்ளத்தை வருத்தும் வேலை அது.

அறிவியலும் இதனையே மெய்ப்பிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை நோக்கியிருந்த வீரர்கள், நேரம் செல்லச் செல்ல, தோன்றிய குறிகளைக் காணத் தவறினர். இதனை ஆராய்ந்த ஆங்கிலேய உளவியலார் நார்மன் மேக்வொர்த், கடிகார முள் போன்ற ஒன்றைப் பலரை இரண்டு மணி நேரம் நோக்கியிருக்கச் செய்தார். முதல் அரைமணி நேரத்திலேயே அவர்களின் விழிப்பு தளர்ந்ததை 1948இல் அவர் வெளியிட்டார். வேலை மிகக் குறைந்தால் கவனத்தின் கொள்ளளவே சுருங்கிவிடுகிறது என்னும் கொள்கையை மார்க் யங், நெவில் ஸ்டேன்டன் ஆகியோர் 2002இல் வாகனமோட்டலைக் கொண்டே முன்வைத்தனர். சுமை மிகுந்தாலும் கேடு. அளவிறந்து குறைந்தாலும் கேடு.

சுருங்கிய அக்கவனத்திடமிருந்துதான் இயந்திரம் இடர் வந்த கணத்தில் முழுத் திறனையும் கேட்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. நிலைமையை உணர மூன்று நொடி ஆயின், 90 மீட்டர் கைநழுவிப் போகும்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தானோட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா மகிழுந்து ஒன்று, குறுக்கே திரும்பிய சரக்கு வண்டியில் மோதியது. ஓட்டுநர் மாண்டார். அவ்வமைப்பு இயங்கிய 37 நிமிடங்களில் அவர் கை ஸ்டியரிங்கில் இருந்ததாகப் பதிவானது 25 நொடிகளே. சரக்கு வண்டி வழிவிடாமை, மகிழுந்து ஓட்டுநரின் கவனக்குறைவு ஆகியவற்றோடு, அத்தகைய நெடிய கவனக்குறைவுக்கு இடமளித்த அமைப்பின் வடிவமைப்பையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் சுட்டிக்காட்டியது.

“கையேட்டில் எச்சரித்திருக்கிறோம், பிழை ஓட்டுநருடையதே” என்பர் விற்போர். மனித இயல்புக்கு ஒவ்வாத கடமையை ஒருவனிடம் ஒப்படைத்து, அவன் தவறியதும் பழியையும் அவன்மீதே ஏற்றுவது எவ்வகை அறம்? தானியக்கம் வளர வளர, எஞ்சி நிற்கும் மனிதனின் பங்கு மேலும் கடினமாகிறது என்னும் முரணை லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே எடுத்துரைத்தார். அறியாமல் நேர்ந்தது என்று எவரும் இன்று தப்ப இயலாது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா வண்டிகள், ஓட்டுநரின் கவனத்தை உறுதிப்படுத்தும் ஏற்பாடு போதாமையால் திருத்தத்துக்கு உள்ளாயின. கையேட்டின் எச்சரிக்கை போதாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனவே நாம் வற்புறுத்துவன மூன்று. தானே ஓட்டும் என்று மயக்கும் பெயர்களும் விளம்பரங்களும் ஒழிய வேண்டும். கை ஸ்டியரிங்கில் உள்ளதா என்பதோடு நில்லாமல், கண் சாலையில் உள்ளதா என்பதையும் அறியும் கருவி கட்டாயமாக வேண்டும். ஓட்டுநர் உரிமப் பயிற்சியில் இக்கருவிகளின் எல்லைகள் கற்பிக்கப்பட வேண்டும்.

மாணவர்களே! நாளை உரிமம் பெற்று வண்டியில் அமரப்போகிறவர்கள் நீங்கள். உதவி என்று சொல்லி உங்கள் கைவேலையை ஏற்றுக்கொண்டு, விழிப்பை மட்டும் உங்களிடம் விட்டுவைக்கும் கருவியை ஐயுறுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், அது காவல் நிற்கட்டும்.