காணி யாருடையது? பொறுப்பு யாருடையது?

மழை பிடித்து மண் சரிந்தால் உடனே ஒரு பேச்சு கிளம்புகிறது: “லயத்து ஆட்கள் ஓடைக்கரையில் மரக்கறி போட்டார்கள், விறகு வெட்டினார்கள்.” இந்தப் பேச்சில் காணிக்குச் சொந்தக்காரரும் அதை நிர்வகிப்பவரும் மறைந்துவிடுகிறார்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் கிடைத்தது. சொந்தக்காரர் அரசு, குத்தகைக்காரர் கம்பனி. நம்மில் பெரும்பாலோருக்கு லயக் காம்பராவுக்குக்கூட உறுதி இல்லை.

மண்ணரிப்பைத் தடுக்கும் வேலைகளைச் செய்யும்படி காணிச் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. காணியில் வேறொருவர் பயிரிடுகிறார் என்பதற்காக அந்தக் கடமை அவர் தலைக்கு மாறிவிடக்கூடாது. இன்று சில தோட்டங்களில் மலைகளைப் பிரித்து வெளியார் உற்பத்தி முறையில் தொழிலாளரிடம் கொடுக்கிறார்கள். கான் வெட்டுவதும் மண் அணைப்பதும் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், கொழுந்து கம்பனிக்கு, மண்சரிவு தொழிலாளிக்கு என்றாகிவிடும்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஓடை ஒதுக்கும் காட்டு எல்லையும் கல் நட்டுக் காட்டப்பட வேண்டும். அங்கே எது கூடும், எது கூடாது என்பதைப் பெரட்டுக்களத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். மழைக்கு முன் ஒவ்வொரு வருடமும் நிர்வாகம் நமது பிரதிநிதிகளோடு மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். விறகுக்கும் மரக்கறிக்கும் மாற்று இடம் காட்டாமல் தடை மட்டும் போடக்கூடாது.

நமக்கும் கடமை உண்டு. பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை சிக்கிச் சாகிறது. அதை நாம் மூடி மறைக்க மாட்டோம். ஓடைக்கரையைக் கொத்துவது கீழ் லயத்துப் பிள்ளைகளின் தண்ணீரைக் கெடுப்பதாகும்.

தோட்டத் தலைவர், தலைவிமாரே! இந்த மாதமே உங்கள் மலையை நடந்து பாருங்கள். வெடிப்பு, அடைபட்ட கான், எல்லை தெரியாத ஒதுக்கு எல்லாவற்றையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். கையொப்பத்தோடு ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு “எங்களுக்குத் தெரியாது” என்று எவரும் சொல்ல முடியாது.