தசை நோயும் இருதயமும்

இருதயமும் ஒரு தசையே. இதனை அறியாதார் இலர். ஆயினும் தசைச் சிதைவு நோயுற்ற சிறுவரைக் காணுங்கால் நாம் அவர்தம் கால்களை நோக்கி இரங்குகின்றோமன்றி, ஓய்வின்றித் துடிக்கும் அவ்வுறுப்பை நினைக்கின்றோமில்லை. இந்நோயாளரின் இருதயம், நோவு தோன்றிய பின்னரன்று, நோய் இன்னதென்று தெளிந்த நாள்முதலே ஆராயப்படல் வேண்டும் என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பரம்பரையாய் வரும் தசைச் சிதைவு நோய்கள் பல. அவற்றுட் கொடியதொன்று, பிரெஞ்சு மருத்துவராகிய டூஷேன் 1868-ஆம் ஆண்டில் விரித்தெழுதி, அவர் பெயரையே பூண்டதாகும். ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரை இது பற்றும். டிஸ்ட்ரோபின் என்னும் புரதத்தின் இன்மையே இதற்குக் காரணமென 1987-இல் தெளிந்தனர். அப்புரதம் தசையிழையின் உட்சட்டத்தை மேற்சவ்வோடு பிணைப்பது. அஃதில்வழி, இழை சுருங்கி விரியுந்தோறும் சவ்வு சிதையும், இழை மடியும், மடிந்தவிடத்தை நாரும் கொழுப்பும் நிரப்பும். கைகால்களில் நிகழும் இச்சிதைவு இருதயத்திலும் நிகழ்கின்றது. கைகால்கள் ஓய்வு கொள்ளலாம், இருதயத்துக்கு ஓய்வேது?

'மூச்சு வாங்கவில்லை, மார்பு நோகவில்லை. பின் சோதனை எற்றுக்கு?' என்பார் உளர். ஏனையோர்க்கு இருதயத் தளர்ச்சி மாடிப்படி ஏறுங்கால் வெளிப்படும். சக்கர நாற்காலியில் அமர்ந்த சிறுவனோ படி ஏறுவானல்லன். ஆகவே அவன் தளர்ச்சி நெடுநாள் மறைந்தே கிடக்கும். வெளிப்படுங்காலும் வயிற்று வலி, வாந்தி, உடல் மெலிவு, உறக்கமின்மை என வேற்றுருக் கொண்டு வரும். இதனினும் இலேசான பெக்கர் வகை நோயினர் நன்கு நடந்து திரியும்போதே இருதயம் மிக நலிந்திருத்தலும் உண்டு. ஆதலின் கால்வலிமையைக் கொண்டு இருதய வலிமையை அளத்தல் பிழையாம்.

'தீராத நோய்க்குச் சோதனை செய்து பெறும் பயன் யாது?' என்பார்க்கு யாம் கூறும் விடை இது. நோயை வேரறுக்கும் மருந்து இன்றும் இல்லை. இருதயத் தளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்து உண்டு. பெரிண்டோப்ரில் என்னும் மருந்தை இருதயம் தளருமுன்னரே தொடங்கிய சிறுவர்க்குத் தளர்ச்சி பிந்தி வந்ததென, 57 சிறுவரைப் பல்லாண்டு கவனித்த பிரெஞ்சு மருத்துவர் 2005-இல் எழுதினர். 2018-இல் வெளியான மருத்துவ நெறிமுறையும் ஆண்டுதோறும் இருதயச் சோதனை வேண்டுமென்றும், குறி யாதும் தோன்றாவிடினும் பத்து வயதளவில் இவ்வகை மருந்தைத் தொடங்குதல் நன்றென்றும் கூறுகின்றது. சுவாசக் கருவிகளால் இந்நோயாளர் முன்னையினும் நெடிது வாழும் இக்காலத்தில், அவர் உயிரைக் கவர்வதில் இருதய நோயே முதன்மை பெற்றுள்ளது. எனவே காலந்தாழ்த்தல் தகாது.

இன்னுமொன்று. இக்குறையைத் தம் உடலில் தாங்கி மகனுக்கு அளிக்கும் தாயருட் சிலர்க்கு, கைகால்கள் திடமாயிருந்தும் இருதயம் நலிவதுண்டு. மகனைப் பகலெல்லாம் தூக்கி, இரவெல்லாம் புரட்டிக் கிடத்தும் அன்னை தன் களைப்பை உழைப்பின் பயனென்றே எண்ணி வாளாவிருப்பாள். அவளையும் சோதிக்க என்று மருத்துவர் வற்புறுத்த வேண்டாவோ? மகனுக்குத் துணையாய் நிற்பவள் அவளேயன்றோ!

இம்மலரைப் படிப்பாருள் மருத்துவரும் ஆசிரியரும் உளர். இனி அங்ஙனம் ஆவாரும் உளர். இத்தகைய சிறுவன் ஒருவனை அவர் காணுங்கால், 'இருதயத்தைச் சோதித்தீரோ?' என்று பெற்றோரை ஒருமுறை வினவுவாராக. 'தாய்க்கும் பார்த்தாயிற்றா?' என்று மறுமுறை வினவுவாராக. பொருட்செலவில்லாத இவ்விரு வினாக்களும் சில ஆண்டு வாழ்வை ஈட்டித் தருதல் கூடும்.